தாவூது பாயின் கண்ணாடிக் குட்டி

பாலூத்துப்பட்டிக்காரர்களிடம் இதைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் எந்தக் கொட்டகையில் நடந்தது என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் ஒச்சப்பனின் சூப்புக் கடை, அதை ஒட்டினாற்போல் தாவூது பாயின் கறிக்கடை, கறிக்கடைக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை, அந்தக் கொட்டகையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வந்த தாவூது பாய் ஈரத்தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குட்டி பிறந்தது. தோல் கண்ணாடி, சதை கண்ணாடி, எலும்பு கண்ணாடி, குளம்பு நாலும் கண்ணாடி; ரத்தம் மட்டும் ரத்தமாகவே இருந்தது. தாய் ஆடு வித்தியாசம் பாராட்டாமல் அதை நக்கிக் கொடுத்தது. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து மடியைத் தேடிப் போய் முட்டியது; பால் ஒரு வெள்ளைக் கோடாகத் தொண்டைக்குள் இறங்குவது வெளியே தெரிந்தது. "கண்ணாடியாப் பொறந்தாலும் பசி பசிதான்" என்று சொல்லிவிட்டு தாவூது பாய் தலையைத் துவட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

நின்று மலைக்க அவருக்கு எங்கே நேரம்? மகள் ஜுலைகா தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். மருமகன் சவுதியில். வீட்டில் பெண் துணை கிடையாது. சமைப்பதும் ஆக்கிப் போடுவதும் மகளுக்குக் கால் அமுக்கி விடுவதும் தாவூது பாயேதான். போதாக்குறைக்கு அந்த வாரம் நர்ஸ் தமயந்தி வந்து ஜுலைகாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, விரலில் குத்திச் சோதித்துவிட்டு, முகத்தைச் சுளித்திருந்தாள்.

"பாய், உங்க பொண்ணு உடம்புல ரத்தமே இல்ல. மாத்திரை குடுத்தா வாந்தி எடுக்குறா. அடுத்த தடவை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி மூலமா இரும்புச்சத்து ஏத்திரலாம். அது வேலை செய்யணும்னா இவ ஒழுங்காச் சாப்பிடணும். இப்படியே பிரசவத்துக்குப் போனான்னா, கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டா."

தாவூது பாய் அவள் சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. ஜுலைகாவைப் பெற்றுப் போட்ட அன்றே, நிற்காத ரத்தத்தோடு போய்ச் சேர்ந்தவள் அவர் மனைவி கமருன்னிஷா. ரத்தம் வேண்டும், யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பெரியாஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொல்ல, தன் ரத்தம் சேராது என்று தெரிந்ததும் தாவூது பாய் ஊருக்கு ஓடி வந்து, பங்காளி வீடு, பக்கத்து வீடு, தன் கையால் கறி வாங்கித் தின்ற வீடு என்று ஒவ்வொரு வாசலாக நின்று கெஞ்சினார். "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க பாய், ரத்தம் மட்டும் போனாப் போனதுதான், திரும்பி வராது, எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்றார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனுஷன் பிறக்கும்போது அளந்து ஊற்றிய ரத்தம்தான் கடைசி வரைக்கும் என்று அந்த ஊர் அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் மட்டும் வாயால் மறுக்கவில்லை. பாய் வருவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டான். அதற்கப்புறமும் தினமும் காலையில் சூப்புக்கு நெஞ்செலும்பு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார் தாவூது பாய். எலும்பைத் தருவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஆகவே மகள் விஷயத்தில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். அந்த வட்டாரத்துக் கறிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு: ஆட்டின் சுவரொட்டியை எடை போட்டு விற்க மாட்டார்கள். கருஞ்சிவப்பாக, நாக்குப் போல இருக்கும் மண்ணீரல்; சுவரில் அடித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளோ அந்த வீட்டுக்குத் தேக்கிலையில் மடித்துச் சும்மா கொடுத்தனுப்புவார்கள், ரத்தம் ஊறட்டும் என்று. மகள் வந்த நாளிலிருந்து தாவூது பாய் முதல் ஆட்டுச் சுவரொட்டியை வீட்டுக்கு எடுத்துவைத்தார். கரி அடுப்பில் சுட்டு, தோலை உரித்து, மிளகும் உப்பும் தூவி நீட்டுவார். ஜுலைகா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, நாளைக்காச்சும் விட்டுருங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டே விழுங்குவாள். உதட்டில் லேசாக நிறம் ஏற ஆரம்பித்திருந்தது.

இதற்கிடையில் கண்ணாடிக் குட்டி ஊர்ச் சொத்தாகிவிட்டது. முதலில் வந்தவள் பெருமாயி, தாய் ஆட்டை விற்றவள். சினை என்று தெரியாமல் கொடுத்துவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வந்தவள், குட்டியைப் பார்த்ததும் மன்னிப்பை மறந்துவிட்டாள். கத்தி வைக்கப் போன நேரத்தில் வயிற்றைத் தடவிப் பார்த்துத் தாவூது பாய் கயிற்றை அவிழ்த்துவிட்டிராவிட்டால் இது எங்கே பிறந்திருக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் மாரியம்மன் கோயில் பூசாரியும் ஒரே நேரத்தில் கொட்டகை வாசலில் வந்து முட்டிக்கொண்டு, நீங்க மொதல்ல, இல்ல நீங்க மொதல்ல என்று மரியாதை பண்ணி, கடைசியில் சேர்ந்தே குனிந்து பார்த்து, சேர்ந்தே தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஏழாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெருமாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏன்யா, குடலு கொழாய் எல்லாத்தையும் இப்படி நட்ட நடுத்தெருவுல வச்சுப் பாக்குறீங்களே, அதுக்கும் ஒரு மானம் மரியாதை கெடையாதா?" என்று சண்டை பிடித்து, பழைய பாவாடையைக் கிழித்து நாலு காலுக்கும் ஓட்டை விட்டு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சட்டையைக் கழற்றுவது, விளக்கு வைத்ததும் மாட்டிவிடுவது என்று ஊர் ஏற்பாடு செய்துகொண்டது.

அப்படிச் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, கண் பழகப் பழக, முதலில் வெறும் சிவப்பு ஓட்டமாகத் தெரிந்தது மணி மணியாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. ரத்தம் என்பது ஒரே சாயத் தண்ணீர் இல்லை, பாதிக்கு மேல் மஞ்சள் தண்ணீர்தான், அதில் கேழ்வரகு போலச் சிவப்பு மணிகள் கணக்கில்லாமல் மிதக்கின்றன, நடுநடுவே வெள்ளையாகச் சிலது காவல்காரன் போல ஊர்ந்து திரிகின்றன, நொய்யரிசி போலத் துணுக்குத் துணுக்காகவும் ஏதோ ஓடுகின்றன என்று எல்லோரும் கண்டார்கள். ஒரு நாள் குட்டி வேலிமுள்ளில் காலைக் கிழித்துக்கொண்டது. அந்த நொய்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ ஓடிவந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிழிசலை அடைத்ததைக் கொட்டகை நிறைய ஜனம் மூச்சுவிடாமல் பார்த்தது. அடைத்து முடித்ததும் யாரோ கை தட்டினார்கள்.

மணிகள் எங்கே பிறக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது ஒச்சப்பன். சூப்புக்காரன் கண் எலும்புக்குத்தானே போகும்? இடுப்பெலும்புக்குள், விலா எலும்புக்குள், முதுகுத்தண்டுக்குள் மணிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. பிறக்கும்போது வெளுத்துப் போய், வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு கருவோடு இருக்கும். நாள் போகப் போகச் சிவப்பு ஏறும். சிவந்து முடிந்ததும், எலும்பை விட்டு வெளியேறும் முன்னால், அந்தக் கருவைத் துப்பிவிட்டு, நடுவில் அமுங்கிய அப்பம் போல வழுக்கிக்கொண்டு ஓட்டத்தில் கலந்துவிடும். "மூச்சுக்காத்தைச் சுமக்க எடம் வேணும்ல, அதான் துப்பிருது. ஆடு, மாடு, மனுசன் எல்லாருக்கும் இப்படித்தான். கோழிக்கு மட்டும் கரு உள்ளேயே இருக்கும்" என்றாள் டீச்சர். "அதான் கோழி எதையும் விட மாட்டாம அந்தக் கத்து கத்துது" என்றாள் பெருமாயி. தினம் தினம், நிமிஷத்துக்கு நிமிஷம், ஓயாமல் பிறந்துகொண்டிருந்த மணிகளைப் பார்த்துவிட்டு, ஒச்சப்பன் மட்டும் அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து போனான்.

மணிகள் எங்கே போய் முடிகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் தாவூது பாய். அதுதான் வினையாகப் போயிற்று. ஆட்டின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய மனுஷன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஓடி ஓடித் தேய்ந்து கிழடான மணிகள் வயிற்றுக்கு இடது பக்கம் ஒரு சந்துக்குள் நுழைவதையும், அங்கே காத்திருக்கும் பெரிய பெரிய உருவங்கள் அவற்றை விழுங்குவதையும், விழுங்கப்பட்டது ஒன்றுகூட வெளியே வராததையும் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சொல்லிவிட்டார்: "அட, இது நம்ம சுவரொட்டியாச்சே! ரத்தம் பொறக்குற எடம்னுல்ல நெனச்சோம்? இது ரத்தத்தோட சுடுகாடால்ல இருக்கு!"

அவ்வளவுதான். சொன்ன வாய் மூடுவதற்குள் பாலூத்துப்பட்டியின் பிள்ளைத்தாய்ச்சி வீடுகளில் எல்லாம் செய்தி போய்விட்டது. மறுநாள் தேக்கிலை மடிப்புகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. சுடுகாட்டையா இத்தனை நாள் தின்றோம் என்று ஒருத்தி காறிக் காறித் துப்பினாள். சுவரொட்டிகள் தெருநாய்களுக்குப் போயின. நாய்கள் தளதளவென்று ஆயின.

ஜுலைகா தட்டைத் தள்ளிவிட்டாள். "கபுருஸ்தானத்தைத் தின்னச் சொல்றீங்களா அத்தா?"

"அப்படி இல்லம்மா, நான் ஏதோ வாய்க்கு வந்ததை..."

"எனக்குள்ளயும் அது இருக்குல்ல? எடது பக்கம். புள்ள அங்கதான் அத்தா ஒதைக்குது. கபுருஸ்தானத்துப் பக்கத்துல எம் புள்ளையைப் படுக்கப் போட்டிருக்கேன்." தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அம்மாவும் இப்படித்தான இருந்திருப்பா. இருந்ததை எல்லாம் நான் உறிஞ்சிக்கிட்டு வந்துட்டேன். இப்ப எம் முறை."

சுவரொட்டியோடு நிற்கவில்லை. கீரை இறங்கவில்லை, பேரீச்சம்பழம் இறங்கவில்லை, சோறே இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி ஏற்றுவோம் வா என்று தமயந்தி கூப்பிட்டதற்கும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏறிய நிறம் உதட்டிலிருந்து இறங்கிப் போயிற்று. நர்ஸ் மறுபடி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, பாயைத் தனியே கூப்பிட்டு, "எனக்கே பயமா இருக்கு பாய்" என்றாள். தன் வாயாலேயே மகளின் வாயைக் கட்டிவிட்டோமே என்று தாவூது பாய் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டு என்ன செய்ய? சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. மீதியையாவது பார்ப்போம் என்று, கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, குட்டிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தார். ஊருக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சாயங்காலக் கூட்டம் குறைந்துவிட்டது. அவர் மட்டும் இடது பக்கத்துச் சந்தைப் பார்த்தபடி, தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே கிடந்தார். குட்டியும் வேறு வேலை இல்லாமல் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தது.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின, விழுங்கின, விழுங்கிக்கொண்டே இருந்தன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, சாய்ந்த வெயில் குட்டியின் விலாவுக்குள் புகுந்தபோது, விழுங்கிய பெரிய உருவங்களின் ஓரத்திலிருந்து துருவைப் போல ஏதோ ஒரு தூள் கசிவதைக் கண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் தண்ணீரில் சுமைகாரர்கள் போலச் சிலது வந்து அந்தத் தூளை ஏற்றிக்கொண்டன. ஏற்றிக்கொண்டு ஈரலைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, இடுப்பெலும்புக்குள் நுழைந்தன. எலும்புக்குள் அவர் அதுவரை கவனிக்காதது ஒன்று இருந்தது: நடுவில் பெரிசாக ஒரு உருவம், அதைச் சுற்றி வட்டமாக, கருவைச் சுமந்த வெளுத்த பச்சைக்குழந்தை மணிகள். ஒரு சட்டிச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து உருண்டை உருட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வந்த தூளெல்லாம் அந்த வட்டத்தில்தான் இறங்கியது. தின்னத் தின்ன மணிகள் சிவந்தன. கிழடுகளின் சிவப்பு, ஒரு துளி வீண் போகாமல், குஞ்சுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தாவூது பாய் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் எதிர்ப்பட்ட தமயந்தியையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். ஜுலைகாவின் கட்டிலில், அவள் வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பத் திருப்ப, குட்டியைப் படுக்கவைத்து, "ஒரே ஒரு தடவை பாரு. அப்புறம் உன்னைச் சாப்பிடுன்னு சொன்னா என்னை ஏன்னு கேளு" என்றார்.

ஜுலைகா பார்த்தாள். முதலில் அத்தாவுக்காகப் பார்த்தாள், பிறகு தனக்காகப் பார்த்தாள். தூள் கிளம்புவதையும், பயணம் போவதையும், எலும்புக்குள் இறங்குவதையும், வட்டமாக உட்கார்ந்திருந்ததுகள் வாங்கித் தின்பதையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தொடர்ந்து போனாள். வெயில் இறங்கும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

"இது நமக்கும் நடக்குமா?" என்று கேட்டாள்.

"நடக்குது. இந்தா, இப்பவும் நடந்துக்கிட்டு இருக்கு" என்றாள் தமயந்தி. "இந்தத் தூளுதான் இரும்புச்சத்து. வயித்துல இருக்குற புள்ளைக்கு இது அம்மாகிட்ட இருந்துதான் போகணும். வேற வழி இல்ல."

"அப்ப எங்கிட்ட இருக்குறது..."

"உங்கம்மா குடுத்ததுதான் மொதல் போணி" என்றார் தாவூது பாய். "நீ உறிஞ்சிக்கல தாயீ. அவ பிசைஞ்சு ஊட்டிட்டுப் போயிருக்கா. சத்தியமாச் சொல்றேன், அவ கணக்குப் பாக்குறவ கெடையாது."

ஜுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது அத்தா" என்றாள்.

அன்றிலிருந்து ஊசிக்கும் போனாள், சோறும் தின்றாள், சுவரொட்டியையும் மூக்கைப் பிடிக்காமலே தின்றாள். ஊரில் மற்ற பிள்ளைத்தாய்ச்சிகளும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தேக்கிலை மடிப்புக்கு ஆளனுப்பினார்கள். நாய்கள்தான் பாவம், கறிக்கடை வாசலில் வந்து நின்று ஏமாந்து போயின. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது கண்ணாடிக் குட்டி மேய ஆரம்பித்திருந்தது. புல் தின்னத் தின்ன அதன் தோல் பனிமூட்டம் போல மங்கியது, பிறகு சாம்பல் ஆயிற்று, பிறகு அங்கங்கே பழுப்பு மயிர் முளைத்தது. சட்டை பற்றாமல் போனதும் பெருமாயியே கழற்றிக் கொண்டுபோனாள். மழைக்காலம் வருவதற்குள் அது எல்லா ஆடுகளையும் போல ஒரு ஆடு. சந்தையில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரும் அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்பது போல அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஜுலைகாவுக்கு வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலையில். பெரியாஸ்பத்திரிக்குத் தமயந்தியே கூட வந்தாள். மதியம் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை, நல்ல தொண்டை. தாவூது பாய் காதில் பாங்கு சொல்லி முடித்து நிமிர்ந்தபோது டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தாள். "ரத்தம் நிக்கல. உடம்புல இருப்பு இருக்குறதாலதான் தாக்குப் பிடிக்குறா. மூணு நாலு பேரு உடனே ரத்தம் குடுக்கணும். ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அதே சொல், அதே வராந்தா, அதே பினாயில் வாடை. குழந்தையைத் தமயந்தியின் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி ஒவ்வொரு வாசலாக நின்று கெஞ்ச வேண்டும் என்று நினைத்தபடி, செருப்புக்கூடப் போடாமல் கேட்டை நோக்கி ஓடினார்.

கேட்டுக்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தமயந்தி காலையிலேயே ஊருக்குப் போன் பண்ணி வைத்திருந்தாள் போல. பின்னாலேயே இன்னொன்று. காய்கறி ஏற்றும் டெம்போவில் நின்றுகொண்டே கொஞ்சம் பேர். ஹஜ்ரத் இறங்கினார், பூசாரி இறங்கினார், டீச்சர் இறங்கினாள், பெருமாயி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். எல்லோருக்கும் முன்னால், சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டு ஒச்சப்பன் நின்றான். ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதும் சுருட்டிய கையைப் பார்ப்பதுமாக இருந்தான். ஊசி என்றால் இன்னமும் பயம்தான் போலிருந்தது.

"பாய்" என்றான். "அன்னைக்கு எனக்குத் தெரியாது பாய். போனா வராதுன்னு நெனச்சுட்டேன்."

தாவூது பாய் அவன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது, அதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஊசி இறங்கும்போது ஒச்சப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவர் அவனுடைய இன்னொரு கையை விடவில்லை.

"எலும்புக்குள்ள இந்நேரம் வேலை ஆரம்பிச்சிருக்கும்ல பாய்?"

"ஆரம்பிச்சிருக்கும்டா."

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தம் நின்றுவிட்டது, பெண் பிழைத்துக்கொண்டாள், இனிமேல் யாரும் தேவையில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றாள். வரிசை கலையவில்லை. மருதை வீதி வளையல்காரர், டெம்போ டிரைவர், நாலாவது தெருப் பெண்கள் என்று பாதிப் பேர் இன்னும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். "எங்களுதையும் எடுத்து வைங்கம்மா, நாளைக்கு வேற யாருக்காச்சும் ஆகும். நமக்கு என்ன, ஊறிரும்" என்றாள் பெருமாயி.

அதைக் கேட்டதும் தாவூது பாய் வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கமருன்னிஷா போன அன்றைக்கு அழ நேரமில்லாமல் வாசல் வாசலாக ஓடிய மனுஷன், அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து, ஊர் பார்க்க, வாய் விட்டு அழுதார்.